வலது கதவு

அந்த வருஷம் என் காரில் வலது கதவு ஸ்பீக்கர் மங்கத் தொடங்கியது. எப்போது முதலில் கவனித்தீர்கள் என்று பிற்பாடு டாக்டர் கேட்டார், மனைவி கேட்டாள், கம்பெனி மேனேஜர்கூடக் கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தாப்பாவில் ஒரு மளிகைக் கடையில் வேலையை முடித்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வானொலியில் பழைய பாட்டு ஒன்று ஓடியது. பாடகியின் குரல் இடது பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. நான் உட்கார்ந்திருந்த வலது பக்கம் காலியாக இருந்தது. பட்டனை அழுத்தி, சத்தத்தை இரண்டு புள்ளி வலப்பக்கம் தள்ளினேன். குரல் நடுவுக்கு வந்தது. அதோடு மறந்துவிட்டேன்.

நான் தராசு பழுதுபார்ப்பவன். மீன் கடை, கோழிக் கடை, பழைய இரும்புக் கடை, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் வாங்கும் இடம் என்று எங்கெல்லாம் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறதோ அங்கெல்லாம் போய், அது சரியாக நிறுக்கிறதா என்று சோதிப்பேன். ஒரு நாள் தஞ்சோங் ரம்புத்தான், மறுநாள் சிம்பாங் பூலாய், அதற்கடுத்த நாள் தாப்பா. தினமும் நாலு மணி நேரமாவது காரில்தான். பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் எடைக்கல் பெட்டி, முன்னால் நானும் பாட்டும். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது. கார்தான் எனக்குப் பாட்டுப் பெட்டி.

இரண்டு புள்ளி நாலானது. நாலு ஆறானது. ஒரு சனிக்கிழமை மனைவி சந்தைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தாள். சாவியை ஆணியில் மாட்டும்போது கேட்டாள்.

"ஏங்க, பாட்டு எல்லாம் ஒரே பக்கமா கத்துது? வலது பக்கம் மட்டும் காதைக் கிழிக்குது."

"அந்த ஸ்பீக்கர் ரோசாக்லா. அதான் கூட்டி வச்சிருக்கேன்."

"கெட்டுப்போனது எப்படி அவ்ளோ சத்தமா பாடும்?"

பழைய கார், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

ஈப்போவில் கார் ஸ்பீக்கர் மாற்றித் தருகிற கடை ஒன்றை ஒரு கோழிக் கடைக்காரர் சொன்னார். பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் கடைசிக் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், தனியாகத்தான் வேலை செய்வார். கருவிப் பலகைக்கு மேலே ஒரு மரச் சிலுவை தொங்கும். அவரும் கித்தாத் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்பதைப் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன். என் தோட்டம் வேறு, அவர் தோட்டம் வேறு. இரண்டிலும் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை.

அவர் வலது கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றினார். கிளிப்புகள் டொக் டொக்கென்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் ஓரமெல்லாம் தார் மாதிரிக் கறுப்புப் பசை. அதைப் பிரித்ததும் கதவின் எலும்பு தெரிந்தது. வெறும் தகரம், அதில் பெரிய பெரிய ஓட்டைகள், ஓட்டைக்குப் பின்னால் இருட்டு. ஸ்பீக்கரை வெளியே எடுத்து அதன் காகிதக் கூம்பை இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக அழுத்திப் பார்த்தார். ஒரு சின்ன பேட்டரியை அதன் ஒயரில் தொட்டார். ஸ்பீக்கர் 'டப்' என்றது.

"அண்ணே, இது ரோசாக் இல்லையே. கூம்பு கிழியல, சுருள் எரியல. நல்லாத்தான் இருக்கு."

"எனக்குக் கேக்கிறப்போ மங்கலா இருக்கு தம்பி. பழசுதானே, ரெண்டையும் மாத்திடுங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். வெளித் தகரத்தை விரல் முட்டியால் தட்டினார். வெறும் டின் மாதிரி டங்கென்றது. "புது ஸ்பீக்கர் போட்டாலும் இந்தத் தகரம் சேந்து ஆடும். பாட்டுல பாதியை இதுவே தின்னுடும். சத்தம் அடக்கிற தாள் ஒட்டிடலாமா?"

ஒட்டச் சொன்னேன். அந்த வேலையை நாள் பூராவும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் தகரத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பிறகு ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் கறுப்பு ரப்பர்ப் பசையுமாக இருந்த கனத்த தாளை வெட்டி, கையை உள்ளே விட்டு, வெளித் தகரத்தின் உட்புறத்தில் ஒட்டினார். சின்ன உருளையால் அதை அழுத்தி அழுத்தி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் உருட்டினார். கதவின் ஓட்டைகளையும் அதே தாளால் மூடினார். புது ஸ்பீக்கர் உட்கார ஒரு வளையம், அதைச் சுற்றிப் பஞ்சு, கண்ணாடி மூலையில் கீச்சுக்குரலுக்கென்று தனியாக ஒரு குட்டி ஸ்பீக்கர். எல்லாம் முடிந்ததும் தகரத்தைத் திரும்பத் தட்டினார். ஈர மண்ணில் தட்டியது மாதிரி தொப்பென்றது. கதவைச் சாத்தினார். அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டிங்களா? பெரிய காடி மாதிரி சாத்துது பாருங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் பாட்டைப் போட்டேன். பேலன்ஸை நடுவில் வைத்தேன். இடது பக்கம் நான் எதிர்பார்க்காத அளவுக்குத் திறந்துகொண்டது. தபலாவில் விரல் நுனி படுவது தனியாகக் கேட்டது. பாடகி மூச்சை இழுப்பது கேட்டது. வலது பக்கம் அதே பாட்டு ஒரு சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டில் யாரோ வைத்தது மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கமாகக் கேட்கும் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் குறைந்து போயிருந்தன. அந்த அமைதிக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மெல்லிய, நிறுத்தாத ஒரு 'ஈ...'. வலது பக்கத்திலிருந்து வந்தது.

மறுநாள் மதியமே கடைக்குத் திரும்பிப் போனேன். கடைக்காரர் இஞ்சினை ஓடவிட்டு, வலது கதவில் காதை வைத்துக் கேட்டார். நீண்ட நேரம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அண்ணே."

"இருக்கு தம்பி. ஈ பறக்கிற மாதிரி."

"சில காடில இஞ்சின் கரண்டு சத்தம் ஸ்பீக்கர்ல ஏறும். ஆக்சிலேட்டர மிதிச்சா அதுவும் ஏறி எறங்கும். மிதிங்க பாப்போம்."

மிதித்தேன். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவர் எர்த் ஒயரைத் தேய்த்து மாட்டினார். பிறகு இடது ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை வலது ஸ்பீக்கருக்கும், வலதுக்குப் போவதை இடதுக்கும் மாற்றிக் கொடுத்தார். "இப்போ?" என்றார். வலதுதான் மங்கல் என்றேன். ஸ்பீக்கரையே கழற்றி இடம் மாற்றினார். "இப்போ?" வலதுதான் மங்கல். போனை எடுத்து, ஒலியளக்கும் செயலியைத் திறந்து, இரண்டு கதவுக்கும் நேரே பிடித்துக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே அளவு அண்ணே. நீங்களே பாருங்க."

"போன்ல அளக்கிறதெல்லாம் ஒரு அளவாலா? அதை எவன் சோதிச்சான்?"

இருபது வருஷமாக அளவுகளை வைத்துப் பிழைக்கிறவன் நான். தராசு தப்பாக நிறுக்கிறது என்று கடைக்காரர் யாராவது சண்டைக்கு வந்தால், அதே எடைக்கல்லைத் தட்டின் நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டுவேன். எங்கே வைத்தாலும் ஒரே எண் வந்தால் தராசில் குற்றமில்லை, தரையைப் பாருங்கள், மேசையைப் பாருங்கள் என்பேன். அன்று அந்த மனிதர் அதையேதான் என் கண் முன்னால் செய்தார். எனக்கு அது உறைக்கவில்லை. உறைக்க விடவில்லை என்று சொல்வதுதான் சரி.

கிளம்பும்போது கேட்டார். "அண்ணே, இஞ்சின் ஆஃப் பண்ணினா அந்தச் சத்தம் நிக்குதா?"

"நிக்குது," என்றேன். நான் அதைச் சோதித்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்து சிம்பாங் பூலாயில் ஒரு பழக்கடைக்குப் போயிருந்தேன். சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடிவாரத்தில், கடைக்குப் பக்கத்துத் திடலில் காரை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தினேன். இஞ்சினை நிறுத்தினேன். சாவியை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை.

குன்றில் சில்வண்டுகள் இருக்கும், அதுதான் என்று நினைத்தேன். கதவைத் திறந்து இறங்கினேன். சில்வண்டாக இருந்தால் வெளியே வந்ததும் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. திரும்ப உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். குறையவில்லை. மத்தியான வெயிலில் மூன்று தடவை ஏறி ஏறி இறங்கினேன். பழக்கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். நான் எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அன்று சாயங்காலம் குளிக்கும்போது தண்ணீரை நிறுத்தியதும் அது அங்கேயும் இருந்தது. ஈரத் துண்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. திரும்பவும் அந்தக் கடைக்குப் போய், காரின் தரை முழுக்க ஒட்டச் சொன்னேன். பூட்டுக்குள் ஒட்டச் சொன்னேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவுகளில் ஒட்டச் சொன்னேன். இருக்கைகளை எல்லாம் வெளியே எடுத்துக் கடைவாசலில் வரிசையாக வைத்திருந்தார். கார் உள்ளே ஓடாக இருந்தது.

"போதும் அண்ணே," என்றார் இரண்டாம் நாள். "இதுக்கு மேல ஒட்டினா காடி கனமாயிடும். வித்தியாசமும் தெரியாது."

"கூரையையும் ஒட்டிடுங்க தம்பி."

அவர் உருளையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பிறகு கூரைத் துணியைக் கழற்றத் தொடங்கினார்.

இன்னும் ஒரு தாள் ஒட்டினால் அந்தச் சத்தம் அடைபட்டுவிடும் என்று நான் நம்பினேன். நடந்தது நேர் எதிர். கார் அமைதியாக ஆக ஆக, அது தெளிவாகக் கேட்டது. தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டும்போது, காரில் என்னோடு அது மட்டும்தான் இருந்தது. பாட்டைக் கூட்டி வைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வேறு சிலதும் நடந்தன. காரில் இருந்தபடியே காப்பி வாங்கும் கடையில், வலது ஜன்னலில் நின்ற பெண் ஏதோ கேட்டாள், நான் பேசாமல் இருந்தேன், பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. ஒரு மீன் கடையில் ஈரத் தரையில் சாய்ந்து தடுமாறி, எடைக்கல்லைக் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டேன். ஈரத்தின் மேல் பழியைப் போட்டேன். போனை இடது காதில் வைக்கும் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாப்பாவுக்கு உள்ளே ஒரு பழைய தோட்டத்தில் மனைவியின் அக்கா இருக்கிறார். ஒரு காலத்தில் கித்தா, இப்போது செம்பனை. அக்கா மகளுக்குப் பிறந்தநாள். காலையில் பத்து மணி போலத் தார்ச்சாலையை விட்டுத் தோட்டச் செம்மண் பாதையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் செம்பனை மட்டைகள் தாழ்ந்து பாதையை மூடிக்கொண்டிருந்தன. மனைவி மடியில் கேக் பெட்டியைப் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பாட்டு மெதுவாக ஓடியது.

பாதைகள் குறுக்கே சந்திக்கும் இடம் ஒன்று. வலப்பக்கம் மட்டைகளைத் தவிர எதுவும் தெரியாது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"நிறுத்துங்க!"

அவள் கத்தியது இடது காதில் அடித்தது. கேக் பெட்டியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். பிரேக்கை மிதித்தேன். வலதிலிருந்து பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று மட்டைகளைக் கிழித்துக்கொண்டு வந்து, எங்கள் மூக்குக்கு முன்னால் கடந்தது. அதன் ஓரம் பட்டு என் பக்கக் கண்ணாடி சிதறியது. முள்ளோடு ஒரு பழக்குலை மேலிருந்து விழுந்து பானட்டை நசுக்கிவிட்டு உருண்டது. அதெல்லாம் நடந்தபோதுகூட எனக்குச் சத்தம் குறைவாகத்தான் கேட்டது. தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது மாதிரி இருந்தது.

லோரி சற்றுத் தள்ளி நின்றது. ஓட்டுநர் வயதான மலாய்க்காரர். இறங்கி ஓடிவந்தார். அவர் கோபமாக இருக்கவில்லை, எங்கள் இருவருக்கும் அடிபட்டதா என்று முதலில் குனிந்து பார்த்தார். "டக் டெங்கார் கா?" என்றார். கேட்கவில்லையா என்று. மூன்று விரலைக் காட்டி, மூன்று தடவை ஹாரன் அடித்தேன் என்றார்.

காருக்குள் சத்தம் வராமலிருக்கத் தாள் ஒட்டியிருக்கிறேன், அதனால்தான் கேட்கவில்லை என்று மலாயில் அவரிடம் விளக்கினேன். கதவைத் தட்டிக்கூடக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி, இதை எடுத்துவிடுங்கள், ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்ப உள்ளே உட்கார்ந்தேன். மனைவி காலடியில் கவிழ்ந்து கிடந்த கேக்கை எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்குக் கேட்டிச்சு."

நான் சீட் பெல்ட்டை மாட்டினேன்.

"மூணு தடவையும் கேட்டிச்சு. அதே காடியிலதான் நானும் இருந்தேன்."

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியதும் உடைந்த கண்ணாடியையும் பானட்டையும் பார்த்தார்.

"எல்லாத்தையும் பிச்சு எடுங்க தம்பி. ஒட்டின அத்தனையும். நேத்து செத்திருப்போம், நானும் என் மனைவியும். ஹாரன் சத்தம்கூட உள்ள வரல."

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. காரைச் சுற்றி வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கை இரண்டையும் துணியில் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"பிச்சிடலாம் அண்ணே. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பின் சீட்டுல நடுவுல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் இரண்டு கதவிலும் ஒரே அளவாக, மழை இரைச்சல் மாதிரி ஒரு சத்தத்தை ஓடவிட்டார்.

"கண்ண மூடிக்கங்க. எந்தப் பக்கம் கம்மியா கேக்குதோ அந்தப் பக்கம் கையை நீட்டுங்க."

நீட்டினேன்.

"இப்போ கண்ணைத் தொறக்காம திரும்பி முட்டி போடுங்க. பின்கண்ணாடியப் பாத்த மாதிரி. ஆமா. இப்போ எந்தப் பக்கம் கம்மி?"

எனக்குச் சந்தேகமே வரவில்லை. கையை நீட்டினேன்.

"கண்ணைத் தொறங்க அண்ணே."

என் கை இடது கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தபலாவின் விரல் நுனி கேட்ட கதவை.

கையை இறக்கினேன். இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்து அதை நிறுத்தினார். நிறுத்தியதும் அந்த 'ஈ' மட்டும் மிஞ்சியது.

"எப்போத்திலேருந்து உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒயரை மாத்தினப்பவே சந்தேகம் வந்திச்சு." அவர் என்னைப் பார்க்கவில்லை. "முன்ன ஒருத்தர் இப்படித்தான் வந்தாரு. ஒரு பக்கம் கம்மி, ஒரு பக்கம் கம்மின்னு. மூணு தடவை ஸ்பீக்கர் மாத்திக் குடுத்தேன். கேக்கிறதைச் செஞ்சு குடுக்கிறதுதானே நம்ம வேலைன்னு இருந்துட்டேன். நாலாவது தடவை அவரு வரல. அவரு வீட்டம்மா வந்தாங்க, காடிய விக்கணும், பழைய ஸ்பீக்கர் இருந்தா திருப்பி மாட்டிக் குடுங்கன்னு. அவருக்குத் தலைக்குள்ள என்னமோன்னு சொன்னாங்க. நான் மேல கேக்கல."

துணியை மடித்து வைத்தார்.

"கூரைய ஒட்டச் சொன்னப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு வாய மூடிட்டேன். மன்னிச்சிடுங்க அண்ணே. இன்னிக்கே போங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க."

அன்றைக்கே போனேன். கிளினிக்கில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு. கனத்த கதவைச் சாத்தியதும் நான் அதுவரை அறிந்திராத அமைதி. சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு நீண்ட நேரம் எதுவும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதோ கைப்பிடியைத் திருப்பித் திருப்பி, என் முகத்தைப் பார்ப்பதைக் கண்டேன். வலது காதைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

வரைபடத்தில் இடது காதின் கோடு நேராகப் போனது. வலதின் கோடு பாதியில் சரிந்து கீழே விழுந்திருந்தது. அந்த மாதிரி வரைபடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கோடு வந்தால் அந்தத் தராசைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவைக் கேட்க மனைவியும் வந்தாள். டாக்டர் இளம் சீனப் பெண், நிதானமாகப் பேசினார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மேல் ஒரு கட்டி இருக்கிறது, கொண்டைக்கடலை அளவு என்றார். புற்றுநோய் இல்லை, பரவாது என்றார். மனைவி மூச்சை விட்டாள். ஆனால் அது இருக்கும் இடம் நல்ல இடமில்லை, வளர்ந்தால் முக நரம்பை அழுத்தும், இன்னும் வளர்ந்தால் மூளைத்தண்டை அழுத்தும் என்றார். திரையில் சாம்பல் நிறத் தலைக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. என் பல் தெரிந்தது, கண்விழி தெரிந்தது. அந்தப் பொட்டு தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

நடக்கும்போது தடுமாற்றம் உண்டா, பேசுவது கேட்காமல் போகிறதா என்று டாக்டர் கேட்டார். நான் இல்லை என்று தொடங்கினேன்.

"இருக்கு டாக்டர்," என்றாள் மனைவி. "ஒரு வருஷமா நான் இவரு இடது பக்கமாத்தான் நடக்கிறேன். வலது பக்கம் நடந்தா பதில் வராது. படுக்கையில பக்கத்தக்கூட மாத்திக்கிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். படுக்கையில் பக்கம் மாறியது எனக்குத் தெரியும். மின்விசிறிக் காற்றுக்காக என்று சொல்லியிருந்தாள்.

வெளியே காரிடாரில், மருந்து வாங்கும் கூட்டத்துக்கு நடுவில் கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். எத்தனை தடவ சொன்னேன். காதைக் காட்டுங்க காதைக் காட்டுங்கன்னு." அவள் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்தாள். "நீங்க ஸ்பீக்கர் மாத்துனீங்க."

எவ்வளவு யோசித்தாலும் அவள் சொன்னது எனக்கு நினைவுக்கு வரவில்லை. எந்தப் பக்கம் நின்று சொன்னாளோ.

சின்னக் கட்டி என்பதால் உடனே கை வைக்க வேண்டாம், ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். கம்பெனியில் விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் என்னைச் சாலை வேலையிலிருந்து எடுத்து, பட்டறை மேசையில் உட்கார வைத்தார். கார் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நின்றது. ஒட்டியதைப் பிய்க்கவில்லை. கடைக்காரர் ஒரு நாள் தானாகவே வீட்டுக்கு வந்து, பக்கக் கண்ணாடியை மாட்டிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து ஏதோ செய்தார்.

"ரெண்டு பக்கத்துப் பாட்டையும் ஒண்ணாச் சேத்து இடது கதவுக்கு அனுப்பிட்டேன் அண்ணே. இனிமே எதுவும் விட்டுப்போகாது." கருவிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டே, "வலதக் கழட்டி விட்டுட்டேன்," என்றார்.

முதல் ஆறு மாதத்தில் கட்டி வளரவில்லை. அன்று சாப்பாட்டுக் கடையில் மனைவி எனக்கு இரண்டாவது தடவையும் மீன் வாங்கி வைத்தாள். அடுத்த ஸ்கேனில் வளர்ந்திருந்தது. கொஞ்சம்தான், ஆனால் வளர்ந்திருந்தது. கோலாலம்பூரில் ஆப்பரேஷன் என்று கடிதம் வந்திருக்கிறது. கட்டியை எடுக்கும்போது அந்தக் காதில் மிச்சம் இருப்பதும் போய்விடும் என்றார்கள். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளலாம், சில மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். கையெழுத்துப் போடும் தாளில் அதெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. நான் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

கோலாலம்பூருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. இன்று காலை சமையலறை மேசையில் பையைத் திறந்து வைத்து, ஸ்கேன் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வலது காதில் சூடாக மூச்சுப் படுவது தெரிந்தது. திரும்பினேன். மனைவி என் தோளுக்கு மிக அருகில் குனிந்து நின்றிருந்தாள். வலப்பக்கத்தில். அவள் உதடு அப்போதுதான் அசைந்து நின்றது.

"என்ன சொன்ன?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லலா. இட்லி ஆறுது, சாப்பிடுங்க."